பனி உருகுவது யாருக்காக?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் வட்டாரத்தில் குளிர்காலம் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, பகலில் உருகியது இரவில் மறுபடி உறைகிறது. கூரை விளிம்பில் சொட்டிய நீர் விடியும்போது ஈட்டிகளாகத் தொங்குகிறது. மேப்பிள் மரங்களில் சாறு ஓடுவது இந்த இழுபறி நாட்களில்தான். இரவில் உறைவது நின்றுவிட்டால் சாறும் நின்றுவிடும். மண் மேலிருந்து இளகுகிறது. அடியில் உறைந்தே கிடக்கும் படலம் நீரைக் கீழே இறங்க விடாததால் மேல்மண் சேறாகி, வண்டிச் சக்கரங்களை அச்சுவரை விழுங்குகிறது. குளங்களில் மூடியிருந்த பனிக்கட்டி முதலில் கரையை விட்டு விலகுகிறது, பிறகு கறுக்கிறது, துளைவிட்டு நைந்துபோகிறது, காற்றும் மழையுமான ஒரு நாளில் சட்டென்று காணாமல் போகிறது.

நாட்டுப்புற வீட்டில் இருப்பவர்களுக்கு இது வழுக்கலும் சேறும் நீர் கசியும் நிலவறையுமான காலம். இதைக் கவிதைப் பருவமாக்கியவர்களில் பெரும்பாலோர் காலுறை நனையாமல் எழுதியவர்கள். ஆனாலும் சமயச் சிந்தனையில் இந்தப் பருவத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. செத்ததுபோல் கிடந்த நிலம் உயிர்க்கிறது. அது தானாக நடக்கிறதா, யாரேனும் நடத்துகிறார்களா, நடத்துகிறார்கள் என்றால் யாருக்காக என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது.

எபிரேய வேதம் இதற்குச் சொல்லும் பதில் சுருக்கமானது. 147ஆம் சங்கீதத்தின்படி, பனியையும் குளிரையும் அனுப்புகிறவரே தம் சொல்லை அனுப்பி அவற்றை உருக்கவும் செய்கிறார். யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் சூறைக்காற்றிலிருந்து பேசும் கடவுள், பனிக்கட்டி யாருடைய கருப்பையிலிருந்து பிறந்தது என்று கேட்கிறார். இரண்டு இடங்களிலும் வாதம் எதுவும் இல்லை. உறைவதும் உருகுவதும் கட்டளை. கட்டளைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. யோபு நூல் இன்னொன்றையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது: மனிதர் எவருமே இல்லாத பாழ்நிலத்திலும் மழை பெய்கிறது. துன்பத்தில் உழன்ற ஒருவனுக்கு இது ஆறுதலா, கண்டிப்பா என்று உரையாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் உருகும் பனி மனிதனை மனதில் வைத்து உருகவில்லை என்ற எண்ணம் வேதத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல என்பது மட்டும் தெளிவு.

கட்டளையாக இருந்தது ஏற்பாடாக மாறியது 18ஆம் நூற்றாண்டில். கிளாஸ்கோவில் வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் உருகும் பனிக்கட்டியை அளந்து பார்த்தார். அதுவரை இருந்த எண்ணம், உருகுநிலையைத் தொட்டுவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் கிடைத்தால் போதும், முழுவதும் நீராகிவிடும் என்பது. பிளாக் கண்டது வேறு. ஒரு கிராம் பனிக்கட்டி நீராக 80 கலோரி வெப்பத்தை உள்ளே வாங்குகிறது. வாங்கும் நேரம் முழுவதும் அதன் வெப்பநிலை ஏறுவதே இல்லை. அதே 80 கலோரி, உருகிய நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கப் போதுமானது. இதற்கு அவர் உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டார். பழைய எண்ணம் உண்மையாக இருந்திருந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் மலைப்பனி ஒரே நாளில் கரைந்து பள்ளத்தாக்குகளைத் துடைத்துக்கொண்டு போயிருக்கும் என்று பிளாக் தம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டினார். கான்கார்டின் குளிர்காலம் ஏன் இழுத்துப் பறித்துக்கொண்டு விடைபெறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சொட்டுச் சொட்டாக உருகுவது நீரின் குணம்.

அந்தக் குணம் அக்கறையின் அடையாளமாக வாசிக்கப்பட அதிக காலம் ஆகவில்லை. இதைத் துணிந்து செய்தவர்களில் ஒருவர் கான்கார்டிலிருந்து தொலைவில்லாத வூபர்ன் ஊரில் 1753இல் பிறந்தவர். பெஞ்சமின் தாம்சன் என்ற இந்த மனிதர் அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டன் பக்கம் நின்று நாட்டைவிட்டு வெளியேறினார். பவேரியாவில் பணியாற்றி ரம்ஃபோர்ட் பிரபு ஆனார். 1797இல் வெளியான கட்டுரையில் அவர் நீரின் இன்னொரு விசித்திரத்தைக் கையில் எடுத்தார். குளிரக் குளிரப் பெரும்பாலான திரவங்கள் சுருங்கிக் கனக்கின்றன. நன்னீர் 4 பாகைவரை அப்படியே நடந்துகொள்கிறது. அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கிறது. அதனால் குளத்தில் மிகக் குளிர்ந்த நீர் மேலேயே நிற்கிறது, பனிக்கட்டி மிதக்கிறது, அடியில் 4 பாகையை ஒட்டிய நீர் குளிர்காலம் முழுவதும் உறையாமல் கிடக்கிறது. இந்த ஒரு விலக்கு இல்லாதிருந்தால் வடநாட்டு ஏரிகள் அடிவரை உறைந்து, கோடையிலும் முழுதாக உருகாமல், நிலமே வாழத் தகாததாகியிருக்கும் என்றார் ரம்ஃபோர்ட். பொது விதி தன்னை ஓரிடத்தில் மீறிக்கொள்வதை அவர் படைத்தவனின் கைரேகையாகக் கண்டார். எல்லையற்ற அறிவின் நோக்கத்தை விளக்க முற்படும் மனிதன் ஆபத்தில் கால்வைக்கிறான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வாசகரிடம் பொறுமை கேட்டுக்கொண்டே எழுதினார். 1802இல் வில்லியம் பேலியின் இயற்கை இறையியல் நூல் வந்தபின் இத்தகைய வாதங்கள் பள்ளிப்பாடம்போல் ஆகிவிட்டன. 1830களில் பிரிட்டனில் வெளியான பிரிட்ஜ்வாட்டர் நூல்வரிசையில் நீரின் இந்தக் குணங்கள் மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏறின.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர் இயற்பியலாளர் ஜான் டிண்டால். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெப்பம் பற்றி அவர் ஆற்றிய உரைகள் 1863இல் நூலாயின. உருகிய பிஸ்மத் என்ற உலோகத்தை இரும்புக் குப்பியில் நிரப்பி இறுக மூடி ஆறவிட்டால், அது உறையும்போது பெருத்துக் குப்பியை உடைத்துவிடும் என்று அவர் காட்டினார். பிஸ்மத்தில் காப்பாற்ற வேண்டிய மீன் எதுவும் இல்லை. அணுக்கள் அடுக்கப்படும் விதத்தால் இரண்டு பொருளும் ஒரேபோல் நடக்கின்றன. ஒன்றில் அது அருளாகத் தெரிகிறது, மற்றதில் குப்பி உடைகிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கடல்நீருக்கு அந்த 4 பாகை விலக்கு கிடையாது. அதன் உப்பு மிகுதியால் உறைநிலைவரை அது கனத்துக்கொண்டே போகிறது. பூமியின் நீரில் மிகப்பெரும் பங்கும் அதில் வாழும் எண்ணற்ற உயிர்களும் ரம்ஃபோர்டின் ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கின்றன. பனிக்கட்டி மிதப்பது கடலுக்கும் உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அவர் வாதத்தின் கூர்முனை, குளத்துக்கென்றே விதி மீறப்பட்டது என்பதுதான். அந்த முனை கடலில் மழுங்கிப்போகிறது.

வாதம் அத்தோடு இறந்துவிடவில்லை. ஹார்வர்டின் வேதியியலாளர் லாரன்ஸ் ஹென்டர்சன் 1913இல் எழுதிய நூலில் அதைத் தலைகீழாக்கினார். உயிர் சூழலுக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது என்று டார்வினுக்குப் பின் எல்லோரும் பேசினார்கள். சூழலும் உயிருக்கு வியக்கத்தக்கவாறு பொருந்தியிருக்கிறதே என்று அவர் கேட்டார், நீரின் வெப்பக் குணங்களை வரிசையாக எடுத்துவைத்து. அமைத்தவன் ஒருவன் உண்டு என்ற முடிவுக்கு மட்டும் அவர் தாவவில்லை. பொருத்தம் உண்டு, பொருத்தியவரைப் பற்றி வேதியியல் பேசாது என்ற அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டது நேர்மை.

இந்த வாதங்களுக்கெல்லாம் முன்பே, 1779இல், இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின் அச்சான தம் உரையாடல் நூலில் தத்துவவாதி டேவிட் ஹியூம் வேறொரு வழியில் போயிருந்தார். உலகம் கடிகாரம்போல் இருக்கிறது, ஆகவே கடிகாரம் செய்தவர் ஒருவர் இருக்கவேண்டும் என்று சொல்கிறீர்கள். எனக்கு அது கடிகாரத்தைவிடச் செடியைப்போலத்தான் தெரிகிறது, விதையிலிருந்து முளைத்திருக்கக் கூடாதா என்று அதில் வரும் ஃபிலோ கேட்கிறான். ஹியூமுக்கு அது எதிராளியைத் திணறடிக்கும் குறும்பு. உலகத்தை இலையாக வாசிக்கும் அந்த யோசனையை, குறும்பின் நிழல்கூட இல்லாமல், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து ஒருவர் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒருவர் கான்கார்டின் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. அவர் 1845 மார்ச் இறுதியில் இரவல் கோடரி ஒன்றோடு அவ்வூரின் வால்டன் குளத்தங்கரைக்குப் போனார். நிலம் அவர் நண்பரும் சிந்தனையாளருமான எமர்சனுடையது. குளத்தில் பனிக்கட்டி முழுதும் கரையாத நாட்கள் அவை. பைன் மரங்களை வெட்டிச் சட்டங்கள் செதுக்கி, பத்தடிக்குப் பதினைந்தடி அளவில் அவர் எழுப்பிய வீடு பனி உருகும் பருவத்திலேயே வேர்விட்டது. ஜூலை 4இல் குடிபுகுந்து, 1847 செப்டம்பர் 6வரை அங்கே இருந்தார். 1854இல் வந்த ‘வால்டன்’ நூல் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வாழ்க்கையை ஓராண்டாகச் சுருக்கி வசந்தத்தில் கொண்டுபோய் முடிக்கிறது. சட்டம் செதுக்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர் கண்ட ஒரு பாம்பு அந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. குளிரில் விறைத்த அந்தக் கோடுபோட்ட பாம்பு நீருக்குள் இறங்கி, கால்மணி நேரத்துக்கு மேல் அடியில் அசையாமல் கிடந்தது. உயிரின் உச்ச வெப்பம் இன்னும் தொடாததால்தான் மனிதர்களும் தாழ்ந்த நிலையில் கிடக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உருகுதல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மண்ணைப் பற்றியது மட்டுமல்ல.

ஆனால் அவருடைய இறையியலின் மையம் குளம் அல்ல, ஒரு மண்சரிவு. ஃபிட்ச்பர்க் ரயில்பாதை 1844இல் கான்கார்டை எட்டியது. குளத்தருகே அதற்காக மேட்டைப் பிளந்து வெட்டிய ஆழ்ந்த கணவாய் வழியாகத்தான் தோரோ ஊருக்கு நடந்துபோவார். உறைபனி விடும் நாட்களில் வெட்டுமுகத்தின் ஈரமணலும் களிமண்ணும், பனி இன்னும் மூடியிருக்கும் இடங்களில்கூட, எரிமலைக் குழம்புபோல் பிதுங்கி வழியும். உள்ளே உறைந்திருக்கும் அடுக்கின்மேல் நீர் ஊறிய மணல் நழுவுவதுதான் இதன் இயற்பியல். நழுவும்போது அது கிளைவிடுகிறது, மடல் மடலாக விரிகிறது. தோரோ அதில் இலைகளைக் கண்டார். பவளத்தையும் சிறுத்தையின் பாதத்தையும் பறவையின் காலையும், மூளை, நுரையீரல், குடலையும் கண்டார். மலத்தைக்கூட விட்டுவிடவில்லை. இலை என்ற ஒரே வடிவம் செடியின் எல்லா உறுப்புகளிலும் உருமாறி வருகிறது என்பது ஜெர்மன் கவிஞர் கதே 1790இல் சொன்னது. தோரோ அதை உயிரற்ற மணலுக்கும் நீட்டினார். மண்ணே இலையைக் கருக்கொண்டிருக்கிறது, செடி பின்னால் வருகிறது.

ரம்ஃபோர்டின் கடவுள் வேலையை முடித்துவிட்டவர். அவர் விட்டுச்சென்ற ஒழுங்கிலிருந்து அவரை ஊகிக்க வேண்டும். தோரோ அந்தச் சரிவின் முன் நின்றபோது, உலகையும் தம்மையும் செய்த கலைஞனின் பட்டறைக்குள், அவன் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நுழைந்துவிட்டதாக உணர்ந்தார். படைப்பு என்றோ நடந்த சம்பவம் அல்ல, நடப்பு. மனிதனும் இளகிக்கொண்டிருக்கும் களிமண் திரளே என்று அவர் எழுதியதை, ஆதாமைத் தரையின் மண்ணால் கடவுள் உருவாக்கினார் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த நியூ இங்கிலாந்து வாசகர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். குயவன் கையில் களிமண் என்ற தீர்க்கதரிசிகளின் படிமத்தையும் அவர் எடுத்துக்கொண்டு, பூமி மட்டுமல்ல, அதன்மேல் நிற்கும் மனித அமைப்புகளும் இன்னும் இறுகாதவை என்றார். வரி கட்ட மறுத்து 1846 ஜூலையில் ஓரிரவு சிறையில் இருந்தவர் இதைச் சொல்லும்போது அது வெறும் அணியல்ல.

இந்த வெளிப்பாடு கிடைத்த இடம் கவனிக்கத் தக்கது. தீண்டப்படாத காடு அவருக்கு இந்தக் காட்சியைத் தரவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள் ரயிலுக்காக மண்ணை வெட்டித் திறந்த காயத்தில்தான் அது தெரிந்தது. ரயில்பாதைகள் வந்தபின் இப்படிப்பட்ட புதுச்சரிவுகள் பெருகியிருக்க வேண்டும் என்று தோரோவே குறிப்பிடுகிறார். இயற்கையை ஊரிலிருந்து தள்ளிவைத்து வணங்குபவர்கள் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொள்ளும்போது இந்தக் கணவாயைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நேரில் காணும் படைப்பாளிக்கு ஒரு விலை உண்டு. கடிகாரக் கடவுளிடம் கணக்குக் கேட்கலாம், பல்சக்கரம் ஏன் கடிக்கிறது என்று. பட்டறைக் கடவுளின் பட்டறையில் எல்லாமே கிடக்கும். அதே வசந்த அத்தியாயத்தில், தம் வீட்டுக்குப் போகும் பாதையோரப் பள்ளத்தில் செத்துக் கிடந்த குதிரையைப் பற்றித் தோரோ எழுதுகிறார். நாற்றத்தால் இரவுகளில் அவர் வேறு வழியாகச் சுற்றிப்போக நேர்ந்தது. இருந்தும் அதில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது: கோடிக்கணக்கில் பலிகொடுத்தும் குறையாத அளவுக்கு இயற்கையிடம் உயிர் ததும்புகிறது. நாரைகள் விழுங்கும் தலைப்பிரட்டைகளையும் சாலையில் நசுங்கும் ஆமைகளையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். அறிவுள்ளவன் இதிலெல்லாம் குற்றமின்மையைத்தான் காண்பான் என்பது அவர் முடிவு.

இதை வசதியாக உட்கார்ந்திருந்தவனின் தத்துவம் என்று தள்ளிவிட முடியாது. 1842 ஜனவரி 11இல் அவருடைய அண்ணன் ஜான், சவரக்கத்தியால் பட்ட சிறு வெட்டிலிருந்து தாடைப்பூட்டு நோய் கண்டு இறந்தார். அதே மாதம் 27ஆம் தேதி எமர்சனின் ஐந்து வயது மகன் வால்டோ செங்காய்ச்சலில் போனான். அந்த மார்ச் மாதம், பனி இளகத் தொடங்கும் நாட்களில், தோரோ எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இயற்கை இந்த இழப்புகளைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதில் அவர் குறையேதும் காணவில்லை. விபத்தாகப் பார்த்தால் கொடியதாக இருக்கும் சாவு, விதியாகப் பார்த்தால் அழகுள்ளது என்று எமர்சனுக்கு எழுதினார். மகனை இழந்து ஆறு வாரமே ஆகியிருந்த தந்தைக்கு அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும் என்பதை யோசிக்காமல் அதைப் பாராட்டுவது கடினம். எமர்சன் தாமே 1838இல் ஹார்வர்ட் இறையியல் பள்ளி மாணவர்களிடம், இயற்கை விதியை முறிக்கும் அற்புதங்களை விட்டுவிட்டுப் பெய்யும் மழையையும் பூக்கும் புல்லையும் பாருங்கள் என்று பேசியவர்தான். அதற்காகப் பள்ளி அவரை நீண்டகாலம் திரும்ப அழைக்கவில்லை. மேடையில் சொன்னது வீட்டுக்குள் வந்தபோது அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

யோபுவுக்குச் சொல்லப்பட்டதும் தோரோ சொன்னதும் ஒன்றுதானா? உலகம் உன் அளவுக்கு வெட்டப்படவில்லை என்ற மட்டில் ஒன்றுதான். வேறுபாடு, யோபுவிடம் ஒருவர் பேசினார் என்பதில் இருக்கிறது. பதில் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு ஒரு முகவரி இருந்தது. மணல் சரிவில் கலைஞனின் கை தெரிகிறது. அந்தக் கை யாரையும் நோக்கி நீள்வதில்லை.

அடுத்த கேள்வி அறம் பற்றியது. நிலம் இளகினால் நெஞ்சும் இளகுமா? இனிய ஒரு வசந்தக் காலையில் எல்லோர் பாவமும் மன்னிக்கப்படுகிறது என்று தோரோ எழுதுகிறார். நேற்றுவரை திருடனாகத் தெரிந்த அயலான் இன்று குழந்தைபோல் புதிதாகத் தெரிகிறான்; சிறைக்கதவைத் திறந்துவிடாத காவலனும், வழக்கைத் தள்ளிவிடாத நீதிபதியும், சபையை வீட்டுக்கு அனுப்பாத போதகரும்தான் இந்த மன்னிப்பை ஏற்க மறுப்பவர்கள். துணைக்கு அவர் அழைப்பது விவிலியத்தை அல்ல, சீனத்து ஞானி மென்சியஸை. வெட்டப்பட்ட காட்டில் மழையும் பனித்துளியும் மறுபடி துளிர் வரவழைப்பதைப்போல, விடியற்காலையின் அமைதி மனிதனில் நன்மையின் முளையை மீண்டும் எழுப்புகிறது என்பது மென்சியஸின் கருத்து. பகலில் செய்யும் தீமை அந்த முளையைத் தின்றுவிடுகிறது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். இங்கே இரண்டு சிந்தனைகள் பிரிகின்றன. மென்சியஸுக்கு முளை தினமும் வருகிறது, காப்பது மனிதன் பொறுப்பு. தோரோவின் வசந்தமோ தானாக மன்னிக்கிறது, திருடப்பட்டவனைக் கேட்பதில்லை. கால்வின் வழிவந்த பழைய கான்கார்ட் சபையார் இதைக் கேட்டால், அருள் இலவசம்தான், ஆனால் அது தட்பவெப்பத்தால் வருவதில்லை என்றிருப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அந்தச் சபையாரின் முன்னோர்களான பியூரிட்டன்கள் உயிர்ப்புப் பெருவிழாவையே கொண்டாடாதவர்கள். வேதத்தில் நாள் குறிக்கப்படாத பண்டிகைகளை அவர்கள் விலக்கினார்கள். வசந்தத்தில் அவர்களுக்கு இருந்தது ஆளுநர் அறிவிக்கும் நோன்பு நாள். விதைப்புக்கு முன் வருந்தி வேண்டும் நாள் அது. மாசசூசெட்ஸில் 1894வரை நீடித்தது. உருகும் பனியைப் பார்த்து மகிழ்வதற்குப் பதிலாகப் பட்டினி கிடந்தது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பருவத்தையும் மீட்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது, அந்த எச்சரிக்கை வீண் அல்ல. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். வால்டன் குளம் பனிக்கட்டி முழுதும் நீங்கித் திறந்த நாட்களாகத் தோரோ குறித்தவை: 1845இல் ஏப்ரல் 1, 1846இல் மார்ச் 25, 1847இல் ஏப்ரல் 8, 1851இல் மார்ச் 28, 1852இல் ஏப்ரல் 18, 1853இல் மார்ச் 23, 1854இல் ஏறத்தாழ ஏப்ரல் 7. ஏழும் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. வடநாட்டுக் கிறிஸ்தவனுக்குக் கல்லறை திறப்பதும் குளம் திறப்பதும் ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் நற்செய்தி நடந்த எருசலேமில் குளங்கள் இப்படி உறைவதில்லை, ஆஸ்திரேலியாவில் அந்த ஞாயிறு இலையுதிர்காலத்தில் வருகிறது, தமிழ்நாட்டில் கோடை உக்கிரம் ஏறும்போது வருகிறது. உயிர்ப்பு உண்மையென்றால் அது பருவத்தை நம்பி இருக்க முடியாது. பருவத்தை நம்பி இருந்தால் அது கான்கார்டின் உயிர்ப்பு மட்டுமே.

வால்டன் பனிக்கட்டிக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் கூலிகள் நாள்தோறும் வந்து குளத்தை அறுத்துப் பாளங்களாக அடுக்கினார்கள். பாஸ்டனின் ஃபிரெடரிக் டியூடர் 1833 முதல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பிவந்த காலம் அது. 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்காகக் கட்டப்பட்டது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்று நீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று தோரோ எழுதி, காலையில் தாம் படிக்கும் பகவத் கீதையையும் வால்டன் நீர் கங்கையோடு கலப்பதையும் அந்த இடத்தில் இணைத்தார். நடந்தது வேறு. பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதிக்கப்பட்ட அந்தக் குவியலில் ஒரு பகுதிதான் எடுத்துப்போகப்பட்டது. எஞ்சியது 1848 செப்டம்பரில்தான் முழுதும் உருகி, பெரும்பங்கு குளத்துக்கே திரும்பியது.

கீதையைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்று இங்கே முக்கியம். சார்லஸ் வில்கின்ஸ் 1785இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில் அதைப் படித்து வியந்தவர், 1849இல் வந்த தம் முதல் நூலில், கண்ணனின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, அர்ச்சுனன் ஏன் போரிட வேண்டும் என்பதற்குப் போதிய காரணம் தரப்படவில்லை என்றார். பள்ளத்தில் அழுகிய குதிரைக்கும் நாரை விழுங்கிய தலைப்பிரட்டைக்கும் அவர் காரணம் கேட்கவில்லை. குருச்சேத்திரத்துக்குக் கேட்டார். மெக்சிகோ போருக்கும் அடிமை முறைக்கும் கேட்டார். இயற்கையின் அழிவு விதி, மனிதனின் அழிவு கணக்குச் சொல்லவேண்டிய செயல் என்ற இந்தப் பிரிவை அவர் எங்கும் விளக்கி நிறுவவில்லை, கடைப்பிடித்தார். உருகும் மணலிலிருந்து அதைப் பெற்றிருக்க முடியாது. அங்கே எல்லாம் ஒரே விதியில் வழிகின்றன. பருவத்துக்கு வெளியே நின்று பருவத்தைப் பார்க்கும் ஒரு மனசாட்சியை அவர் ஏற்கெனவே உடன் கொண்டுவந்திருந்தார். 1841இல் ஊர்ச் சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டாலும், அந்தச் சபை வளர்த்த பழக்கங்களில் அதுவும் ஒன்று என்று கொள்ள இடமுண்டு.

கான்கார்டில் பனி உருகுவது இப்போது தேதி மாறிவிட்டது. தோரோ குறித்த ஏழு நாட்களின் சராசரி ஏப்ரல் தொடக்கத்தில் விழுகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, குளம் இப்போது ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகத் திறக்கிறது என்று கண்டார்கள். தோரோ பட்டியலிட்ட காட்டுப்பூக்களில் பலவும் முன்னதாகப் பூக்கின்றன, சில இனங்கள் அவ்வட்டாரத்தில் இல்லாமலே போய்விட்டன. குளம் முன்னதாகத் திறப்பதற்கு உலகத்தின் கரியமிலப் புகை ஒரு காரணம். பாஸ்டன் நகர் பெருத்ததால் ஏறிய வெப்பமும் ஒரு பங்கு. விதைப்பும் அறுப்பும், குளிரும் வெப்பமும் ஓயாது என்ற ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்து வாக்குறுதி, பருவங்கள் நிற்காது என்று மட்டுமே சொல்கிறது. அவை தம் நாளில் வரும் என்று சொல்லவில்லை. இறையியலாளர் சிலருக்கு இந்த வேறுபாடு இன்று பேசுபொருள். வடிவமைப்பு வாதத்துக்கும் இது நெருக்கடிதான்: நுட்பமாகச் சமன்செய்யப்பட்ட ஏற்பாடு என்றால், அதில் கை வைத்தவர்கள் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அது சொல்லவேண்டும். தோரோவின் நிலையும் தப்பவில்லை. மனிதச் சாவை இயற்கை கண்டுகொள்வதில்லை என்று 1842இல் அவர் எழுதியது இன்றும் நிற்கலாம். மனிதச் செயலை அது கண்டுகொள்ளாது என்று அதிலிருந்து பெறும் ஆறுதல் நிற்காது. அவர் நடந்த ரயில் கணவாயில் ஓடிய எஞ்சின்களின் புகையும் அந்தக் கணக்கில் சேர்கிறது.